பூ விழுந்த ஜி.பி.எஸ்ஸும் நான் கெடுத்த திசைகாட்டியும்

"தம்பி, இது மூணா எட்டா, நீயே பாத்துச் சொல்லு."

டிரைவர் மாமா ஜி.பி.எஸ்ஸைக் கழற்றிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகம், அக்கரைப்பேட்டைப் பக்கம், காலை பத்து மணி வெயில். திரை எரிகிறது, எண்கள் ஓடுகின்றன. ஆனால் மேலே இருக்கிற பிளாஸ்டிக் மூடி மோர் தெளித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. கையால் நிழல் கட்டிப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன். மூன்று என்றேன். அறைக்குள் கொண்டுபோய்ப் பார்த்தால் எட்டு.

"இதுக்குப் பூ விழுந்துபோச்சு" என்றார் மாமா. வயதானவர்கள் கண்ணைப் பற்றிச் சொல்கிற அதே பேச்சு.

மூன்றுக்கும் எட்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கரையில் இருப்பவர்கள் கேட்கலாம். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். நிமிடக் கணக்கில் 13ஐ 18 என்று படித்தால் 5 மைல் தள்ளிப்போகிறது. 9 கிலோமீட்டருக்கும் மேல். கோடியக்கரையைத் தாண்டி இழுவலை போடுகிறவனுக்கு அது சின்னக் கணக்கு இல்லை. இந்தியாவும் இலங்கையும் 1974லும் 1976லும் ஒப்பந்தம் செய்து போட்ட எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது, அந்த மூடிக்குக் கீழேதான் தெரியும்.

நான் கடலுக்குப் போகிறவன் இல்லை. டவுனில் செல்போன் சர்வீஸ் கடையில் இருந்தவன். படகு அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து வைத்திருப்பது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகை மேலே ஏற்றி வேலை பார்க்கும்போது மின்சாதனம் சம்பந்தப்பட்ட எல்லாமே என் தலையில் விழும். வயரிங், பேட்டரி, விளக்கு, கடல் ஆழம் காட்டுகிற எக்கோ, ஜி.பி.எஸ். பிளாஸ்டிக் மங்குவதை நான் ஒரு வேலையாகவே நினைத்ததில்லை. துடைத்தால் போகும், போகாவிட்டால் புதுசு வாங்கவேண்டும், அவ்வளவுதான் என் அறிவு. அந்த அறிவுக்கு ஒரு திசைகாட்டியைப் பலி கொடுத்த பிறகுதான் கொஞ்சம் நிதானம் வந்தது.

திசைகாட்டிக் கதை ஜி.பி.எஸ்ஸுக்கு முந்தைய வருடத்துத் தடைக்காலத்தில் நடந்தது. வீல்ஹவுஸில் டிரைவர் முன்னால் இருக்கிற திசைகாட்டி, மேலே அரை உருண்டை மூடி, உள்ளே எண்ணெயில் மிதக்கிற தட்டு. மூடி மங்கலாக இருந்தது. முதலில் சித்தப்பா சொன்னபடி மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது. அடேயப்பா என்று எல்லோரும் பாராட்டினார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் பழைய மங்கல் அப்படியே. அடுத்த நாள் பாட்டியின் செந்நிறப் பல்பொடியைப் போட்டுத் தேய்த்தேன். மங்கல் குறையவில்லை, அதன் மேலே புதுசாக வட்ட வட்டக் கோடுகள் வந்தன. அப்புறம்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். படகுக்கு அடித்த பெயிண்டில் கலந்தது போக மீதித் தின்னர் ஒரு டப்பாவில் இருந்தது. துணியில் நனைத்து ஒரு துடை.

துடைத்தபோது ஒன்றும் ஆகவில்லை. நன்றாகத்தான் இருந்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், மூடி முழுக்கச் சிலந்தி வலை. கண்ணுக்கு எட்டுகிற, ஆனால் நகத்துக்குச் சிக்காத, வெள்ளி நூல் மாதிரி விரிசல்கள். திருகாணி இறுக்கிய இடங்களில் இருந்து கதிர் கதிராக ஓடியிருந்தன. படகு கடலுக்குப் போன சில வாரத்தில் ஒரு திருகாணிப் பக்கம் எண்ணெய் கசிந்து உள்ளே பெரிய குமிழி வந்துவிட்டது. புதுத் திசைகாட்டி வாங்கின காசு அப்பாவின் கணக்கு நோட்டில் இன்றைக்கும் என் பேரில்தான் நிற்கிறது.

நடந்தது என்ன என்று பின்னால் புரிந்தது. அந்த உருண்டை அக்ரிலிக். சூடாக்கி வளைத்த அக்ரிலிக்குக்குள் ஒரு இழுவிசை அடங்கிக் கிடக்கும், திருகாணி இறுக்கம் அதோடு சேரும். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் போன்றவை உள்ளே ஊறியதும் அந்த இழுவிசை விரிசலாக வெளிப்படுகிறது. ஸ்பிரிட்கூட இதைச் செய்யும். கண்ணாடி துடைக்கிற திரவங்களில் அம்மோனியா கலந்தவையும் அக்ரிலிக்குக்கும் பாலிகார்பனேட்டுக்கும் ஆகாது. செல்போன் திரையை ஸ்பிரிட்டால் துடைத்துப் பழகிய கை என்னுடையது. கண்ணாடியில் பழகிய பழக்கத்தைப் பிளாஸ்டிக்கிடம் கொண்டுபோனதுதான் தப்பு.

சரி, ஜி.பி.எஸ்ஸுக்கு வருகிறேன். இந்த முறை நான் எதையும் தொடவில்லை. வேளாங்கண்ணி போகிற சாலையில் ஒரு கார் பட்டறை. அங்கே இருக்கிற பெயிண்டர் அண்ணன் மஞ்சளாகிப்போன ஹெட்லைட்டைப் புதுசாக்கிக் கொடுப்பார் என்று கேள்விப்பட்டு, ஜி.பி.எஸ்., ஒரு பக்கவிளக்கு, வீல்ஹவுஸ் சன்னலில் இருந்து கழற்றிய ஒரு அக்ரிலிக் ஷீட், மூன்றையும் சாக்கில் கட்டி எடுத்துப் போனேன். அவர் எதையும் தேய்க்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் குவளையில் தண்ணீர் எடுத்து ஷீட்டின் மேல் ஊற்றினார். ஊற்றிய இடம் மட்டும் சட்டென்று தெளிந்து கீழே இருந்த அவர் செருப்பு தெரிந்தது.

"நனைச்சா தெளியுதுல்ல? அப்ப நோவு தோலுலதான். தேச்சா போயிடும்."

பிறகு ஷீட்டைத் திருப்பி மறுபக்கம் ஊற்றினார். அங்கே பெரிய மாற்றம் இல்லை. மங்கல் வெயில் பக்கம்தான் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. ஷீட்டின் ஒரு மூலையில் மட்டும் எந்தப் பக்கம் ஊற்றினாலும் வெள்ளை வெள்ளையாகவே நின்றது. அதைக் காட்டி, "இது உள்ள வெடிச்சது. இதை நீயும் நானும் தேச்சே தீத்தாலும் போவாது" என்றார்.

இந்த ஒரு குவளைத் தண்ணீர்தான் நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது. மற்றதெல்லாம் கைப்பழக்கம். மங்கல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அழுக்கோ கறையோ இல்லை. மேற்பரப்பில் ஆயிரக்கணக்கான நுண்ணிய பள்ளங்கள். வெளிச்சம் ஒவ்வொரு பள்ளத்திலும் பட்டுத் திசைக்கொன்றாகச் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. பள்ளத்தில் காற்று இருக்கும்வரை அப்படித்தான். அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49, தண்ணீருடையது 1.33, காற்றுக்கு ஏறக்குறைய 1. தண்ணீர் பள்ளத்தை நிரப்பியதும் வித்தியாசம் குறைகிறது, சிதறலும் குறைகிறது. எண்ணெய் இன்னும் நெருக்கம். தேங்காய் எண்ணெய்க்கு 1.45 அளவில் வரும். அதனால்தான் மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் தடவினால் அத்தனை பளபளப்பு. பள்ளம் போகவில்லை, ரொம்பியிருக்கிறது. எண்ணெய் காய்ந்தோ வழித்தோ போனதும் பழைய கதை. சித்தப்பா பொய் சொல்லவில்லை, பாதி சொன்னார்.

ஆக, எந்தச் சாமானை எடுத்தாலும் இப்போது நான் செய்கிற முதல் வேலை வெளிப்பக்கம் ஒரு துளித் தண்ணீர். தெளிந்தால் தேய்க்கலாம். தெளியாவிட்டால் மங்கல் உள்பக்கம் இருக்கிறது, அல்லது உடம்புக்குள் விரிசல், அல்லது மேலே பூசிய ஏதோ ஒரு பூச்சு உரிகிறது. கடைசிக் காரணத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். எங்கள் எக்கோவின் திரை அப்படித்தான் திட்டுத்திட்டாக மங்கி இருந்தது. நகத்தால் தட்டினால் கண்ணாடிச் சத்தம், தொட்டால் குளிர்ச்சி. அது பிளாஸ்டிக்கே இல்லை. கண்ணாடி மேலே எதிரொளிப்பைக் குறைக்கப் பூசிய மெல்லிய பூச்சு தேய்ந்து தேசப்படம் போல் ஆகியிருந்தது. அதைப் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் மீதிப் பூச்சும் போகும். விட்டுவிட்டேன். இப்போதும் திட்டு இருக்கிறது, ஆழம் படிக்க முடிகிறது, போதும்.

பிளாஸ்டிக் என்று தெரிந்தால் அடுத்த கேள்வி, எந்தப் பிளாஸ்டிக். ஷீட்டாக இருந்தால் ஓரத்தில் ஒரு சீவல் எடுத்து லைட்டர் காட்டிப் பார்க்கலாம். டீசல், பெயிண்ட் இருக்கிற இடத்தில் வேண்டாம், கரையில் தள்ளி வந்து செய்யுங்கள். அக்ரிலிக் லேசாகச் சடசடத்து நின்று எரியும், பழ வாசனை மாதிரி ஒன்று வரும். பாலிகார்பனேட் கரும்புகை விட்டு எரியும், லைட்டரை எடுத்ததும் தானே அணைந்துவிடும். அந்தப் புகையைக் கிட்டப்போய் மோந்து பார்க்கத் தேவையில்லை. எரிக்க மனமில்லை என்றால் வளைத்துப் பார்க்கலாம். பாலிகார்பனேட் வளைந்து கொடுக்கும், அக்ரிலிக் முறுக்கிக்கொண்டு ஒரு கட்டத்தில் பட்டென்று உடையும். பொதுவாக மஞ்சள் ஏறியிருந்தால் பாலிகார்பனேட் என்று சந்தேகப்படலாம். அக்ரிலிக் வெயிலை அதைவிட நன்றாகத் தாங்கும், ஆனால் சீக்கிரம் கீறும், இடி தாங்காது.

முதலில் சன்னல் ஷீட்டை எடுத்தோம். இரண்டடிக்கு ஒன்றரையடி இருக்கும். பெயிண்டர் அண்ணன் ஒரு மூலையை மட்டும் செய்து காட்டிவிட்டு மீதியை என்னிடம் தள்ளிவிட்டார்.

ஆரம்பம் குழாயடியில். நல்ல தண்ணீரை ஓடவிட்டு, கையாலேயே, துணி இல்லாமல் கழுவவேண்டும். ஷீட்டில் உப்புப் பரலும் மணலும் ஒட்டியிருக்கும். அதன் மேல் துணி வைத்து ஓர் இழு இழுத்தாலே புதுக்கீறல். அப்புறம் பாத்திரம் துலக்குகிற சோப்புத் திரவம் ஒரு துளி, மறுபடி தண்ணீர். அதன்பிறகு நகச் சோதனை. கீறலுக்குக் குறுக்கே நகத்தை ஓட்டும்போது சிக்கினால் வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள், வேண்டும். சிக்காமல் வழுக்கினால் பேப்பரைத் தொடவே வேண்டாம், நேரே பாலிஷ். இந்த ஷீட்டில் சிக்கியது.

800 நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கினோம். நம்பர் கூடக்கூடச் சொரசொரப்பு குறையும். ஒரு வாளியில் தண்ணீர், அதில் ஒரு சொட்டு சோப்பு, பேப்பரைப் பத்து நிமிடம் ஊறப்போடவேண்டும். ஊறாத பேப்பரின் ஓரம் கத்தி மாதிரி. ஊறியதும் அதைச் சின்ன ரப்பர் கட்டையில் சுற்றி, இடமிருந்து வலமாக மட்டும், நேர்கோட்டில். வட்டமாகத் தேய்க்கக் கை துடிக்கும். விடக்கூடாது. ஏன் என்று அடுத்த நம்பரில் புரியும். 800 முடிந்ததும் ஷீட் ஒரே சீராக வெளுத்து, படுக்கைவசமாகக் கோடு கோடாக இருக்கும். இப்போது 1500 நம்பரை மேலிருந்து கீழாகத் தேய்க்கவேண்டும். படுக்கைக் கோடு ஒன்றுகூட மிச்சமில்லாமல் எல்லாம் நிமிர்ந்த கோடாக மாறும்வரை. பிறகு 2000, மறுபடி படுக்கைவசம். கடைசியாக 3000, நிமிர்த்தி. வட்டமாகத் தேய்த்தால் எந்தக் கீறல் எந்தப் பேப்பர் போட்டது என்று தெரியாது. 800 போட்ட ஒரு கீறல் தப்பிப் பிழைத்துவிட்டால், பின்னால் எத்தனை பாலிஷ் போட்டாலும் அது சிரித்துக்கொண்டே நிற்கும்.

ஒவ்வொரு நம்பர் மாற்றும்போதும் ஷீட்டையும் கையையும் கழுவி, வாளித் தண்ணீரை மாற்றவேண்டும். இதைப் பெயிண்டர் அண்ணன் இரண்டு தடவை சொன்னார், நான் ஒரு தடவைதான் கேட்டேன். 2000 போட்டுக்கொண்டிருந்தபோது விரலுக்குக் கீழே 'கிர்' என்று ஒரு சத்தம். ஒரே ஒரு மணல் பரல். பேப்பரைத் தூக்கிப் பார்த்தால் ஓரடி நீளத்துக்குக் கூர்மையான கோடு. திரும்ப 800. ஒன்றரை மணி நேர வேலை தண்ணீரில் போனது. அன்றிலிருந்து காது விரலைவிட முன்னால் இருக்கிறது. பேப்பர் ஓடும்போது வருகிற சத்தம் வழவழவென்று ஒரே சுருதியில் இருக்கவேண்டும், மாறினால் உடனே கையை எடுத்துவிடுவேன்.

இன்னொன்று. 2000 முடிந்த பிறகு ஷீட் ஆரம்பத்தில் இருந்ததைவிடக் கேவலமாகத் தெரியும். காய்ந்தால் கெட்டி மோர் மாதிரி. அதைப் பார்த்து அப்பா, "இதுக்கா பட்டறைக்குப் போனே?" என்றார். நனைத்துக் காட்டினேன். தெளிந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அடுத்தது காம்பவுண்ட். காருக்குப் போடுகிற ரப்பிங் காம்பவுண்டிலேயே நைஸ் ரகம். டிரில் மிஷினில் ஸ்பாஞ்ச் பேட் மாட்டி, குறைந்த வேகத்தில், பேடை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே. அக்ரிலிக் 100 டிகிரி தாண்டியதுமே இளகும். அழுத்திப் பிடித்த மிஷினுக்குக் கீழே அந்தச் சூடு வர ஒரு நிமிடம்கூட வேண்டாம். எனக்கு ஒரு இடத்தில் வெல்லப்பாகை விரலால் இழுத்த மாதிரி அலை விழுந்திருக்கிறது. டிரைவர் மாமா அந்த இடம் வழியாகக் கலங்கரை விளக்கத்தைப் பார்த்தால் அது வளைகிறதாம், கேலி செய்கிறார். புறங்கையை அடிக்கடி வைத்துப் பார்க்கவேண்டும். இதமான சூடு சரி, கை எடுக்கத் தோன்றினால் நிறுத்திவிட வேண்டும். காம்பவுண்டுக்குப் பிறகு பிளாஸ்டிக் பாலிஷ், அதைக் கையாலேயே போட்டேன். பழைய பனியன் துணி, தையல் இல்லாத பாகமாகக் கத்தரித்து.

அரை நாளுக்கு மேல் ஆனது. அந்தக் கெட்ட மூலை அப்படியேதான் இருக்கிறது. மற்ற இடம் நன்றாக வந்தது.

ஜி.பி.எஸ். மூடிக்கு இத்தனையும் தேவைப்படவில்லை. நகம் சிக்கவில்லை. அத்தனையும் துடைத்துத் துடைத்து வந்த மெல்லிய கீறல்கள். ஓரத்து ரப்பர், பொத்தான்கள், இணைப்பு இடுக்கு எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடினேன். காம்பவுண்ட் இடுக்கில் புகுந்து காய்ந்தால் பொத்தான் அமுங்காது. மிஷின் வேண்டவே வேண்டாம், கீழே திரை இருக்கிறது, அழுத்தமும் சூடும் அதற்கு ஆகாது. ஒரு விரலில் பனியன் துணி சுற்றி, மொச்சை அளவு பாலிஷ், லேசான அழுத்தத்தில் குறுக்கும் நெடுக்குமாக. நாற்பது நிமிடம். நடுநடுவே துணியைத் திருப்பிச் சுத்தமான பாகத்தால் தேய்த்தேன். முதலில் எண்களின் ஓரம் கூர்மையானது. பிறகு எல்லைக்கோடு. கடைசியில் என் மூக்கு அதில் தெரிந்தது. வெள்ளைப் பற்பசையும் இந்த வேலையைச் செய்யும், மெதுவாக. பல்பொடி மட்டும் கூடாது, அது சொரசொரப்பு.

பக்கவிளக்குகள்தான் உண்மையில் எனக்குப் பயம் தந்தவை. இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை. ஒவ்வொன்றும் நேர் முன்னாலிருந்து பக்கவாட்டைத் தாண்டி 112.5 டிகிரிக்குத் தெரியவேண்டும் என்று கடலில் மோதல் தவிர்ப்பதற்கான சர்வதேச விதி. 12 மீட்டருக்கு மேல் 50 மீட்டருக்குள் நீளமுள்ள படகென்றால் 2 கடல் மைல் தூரத்துக்காவது தெரியவேண்டும். எதிரே வருகிற சரக்குக் கப்பல்காரன் நம்மை அந்த இரண்டு நிறத்தை வைத்துத்தான் படிக்கிறான். சிவப்பு மட்டும் தெரிந்தால் ஒரு பொருள், பச்சை மட்டும் என்றால் ஒரு பொருள், இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நேரே வருகிறோம். மூடி மங்கினால் வெளிச்சம் தூரம் போகாமல் மூடியிலேயே சிதறி நிற்கிறது. கிட்டே நின்று பார்த்தால் விளக்கு நன்றாக எரிகிற மாதிரியே இருக்கும், இன்னும் சொன்னால் மூடி முழுக்கத் தகதகவென்று இருக்கும். அதுதான் ஏமாற்று. அந்தத் தகதகப்பு எல்லாம் எதிரே போகவேண்டிய வெளிச்சம். நாங்கள் இரண்டு வருடமாக பல்பை மாற்றிக்கொண்டே இருந்தோம்.

இவை பாலிகார்பனேட், மஞ்சள் ஏறியிருந்தன. பாலிகார்பனேட்டுக்குத் தொழிற்சாலையிலேயே வெயில் தாங்கும் கடினப் பூச்சு ஒன்று பூசி அனுப்புவார்கள். வருடக்கணக்கில் வெயில் குடித்து அந்தப் பூச்சுதான் மஞ்சளாகி உரிகிறது. 800 நம்பர் வைத்துத் தேய்த்தபோது முதலில் வந்த குழம்பு மஞ்சள், சந்தனம் அரைத்த மாதிரி. தேய்க்கத் தேய்க்க அது வெளிறிப் பால் வெள்ளையாக மாறியது. அந்த நிறமாற்றம்தான் அடையாளம். மஞ்சள் நின்றால் பூச்சு முழுக்கப் போய்விட்டது, அடுத்த நம்பருக்குப் போகலாம். பாதி போய்ப் பாதி நின்றால் சொறி பிடித்த மாதிரி திட்டாகவே காயும்.

ஆனால் இங்கே ஒரு விலை இருக்கிறது. பூச்சு போன பாலிகார்பனேட் தோல் உரிந்த உடம்பு மாதிரி. பளபளப்பாக்கி அப்படியே மாட்டினால் சில மாதத்தில் முன்னைவிட வேகமாக மஞ்சளாகும். பச்சை விளக்கின் மூடிக்கு மெழுகு மட்டும் பூசி மாட்டினேன், சிவப்புக்குப் பெயிண்டர் அண்ணன் வெயில் தாங்கும் இரண்டு பாக கிளியர், அதாவது இரண்டு திரவம் கலந்து அடிக்கிற நிறமில்லாத பூச்சு, அடித்துக் கொடுத்தார். பச்சை அந்த வருட வாடைக்காற்றுக்கு முன்பே மறுபடி மங்க ஆரம்பித்தது. சிவப்பு அடுத்த தடைக்காலம்வரை அசையவில்லை. பச்சையையும் பிறகு கழற்றிக் கிளியர் அடித்தாகிவிட்டது. கிளியரிலும் தின்னர் உண்டுதானே என்று கேட்டேன். முதல் பூச்சு மூடுபனி மாதிரி அடித்து அது காய்ந்த பிறகே அடுத்தது, சொதசொதவென்று அடித்தால் உன் திசைகாட்டி கதைதான் என்றார். அந்த இரண்டு பாகச் சமாச்சாரத்தைச் சும்மா மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கக்கூடாது. கெட்டிப்படுத்தும் பாகத்தில் இருக்கிற ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது. சரியான முகமூடி இருக்கிறவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

தேய்த்துத் தீராத ஷீட்டுக்குப் புதுசு வெட்டி மாட்டும்போது ஒரு விஷயம். அக்ரிலிக் வெயிலில் நீளும். ஒரு மீட்டர் ஷீட் 30 டிகிரி சூடு ஏறினால் 2 மில்லிமீட்டர் வரை வளரும். திருகாணி அளவுக்கே துளை போட்டு இறுக்கினால் வளர இடமில்லாமல் துளையிலிருந்து விரிசல் ஓடும். துளை கொஞ்சம் பெரிதாக, நடுவில் ரப்பர் வாஷர், கையிறுக்கம் போதும். எங்கள் பழைய ஷீட்டின் கெட்ட மூலையில் திருகாணியைத் தலை புதையும் அளவுக்கு இறுக்கியிருந்தது யார் என்று நான் விசாரிக்கவில்லை. நானாகவும் இருக்கலாம்.

இத்தனை வேலையும் யாரால் வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். வெயில் பாதி. மீதி நாங்கள். படகில் எதைத் துடைக்கவும் ஒரே சாமான், இன்ஜின் துடைக்கிற வேஸ்ட், கழிவு நூல் உருண்டை. அது இல்லாவிட்டால் லுங்கி முனை. ஜி.பி.எஸ்ஸில் உப்புத் தெறித்துக் காய்ந்திருக்கும், டிரைவர் ஒரு கையில் வீலைப் பிடித்தபடி மறுகையால் லுங்கி முனையை எடுத்து வறட்டென்று ஒரு தேய். ஒரு நாளைக்கு இருபது தடவை. நாங்கள் கட்டுகிற பாலித்தீன் பையும் உதவியில்லை. உள்ளே உப்பு ஈரம் புழுங்கி, பை உரசி, அதுவே ஒரு வாட்டர் பேப்பர்.

நல்ல தண்ணீரில் நனைத்துவிட்டுத் துடையுங்கள் என்று சொன்னதற்கு மாமாவின் பதில் நியாயமானது. "குடிக்கிற தண்ணியே அளந்துதான் ஏத்துறோம். அதை இதுக்கு ஊத்தச் சொல்றியா?" எனக்குப் பதில் இல்லை. ஐஸ் ஏற்றுகிற பையன்தான் வழி சொன்னான். ஐஸ் நல்ல தண்ணீரில் செய்ததுதானே, படகில் டன் கணக்கில் இருக்கிறது. மீன் போடாத ஐஸில் இருந்து ஒரு கைப்பிடி எடுத்து வீல்ஹவுஸில் ஒரு டம்ளரில் போட்டு வைத்தால் அது பாட்டுக்கு உருகும். கீழே ஓடி வருகிற மீன் கழிவுத் தண்ணீர் இல்லை, தனியாக எடுத்த ஐஸ். டம்ளரில் விரலை முக்கி நாலு சொட்டு, உப்பு கரைந்ததும் பனியன் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். தேய்க்கவே வேண்டாம். வேஸ்ட்டைக் கீழே இன்ஜின் அறைக்கு விரட்டிவிட்டோம். திசைகாட்டிக்கும் ஜி.பி.எஸ்ஸுக்கும் அம்மா பழைய ரெக்ஸினில் உறை தைத்துக் கொடுத்தாள், கரையில் நிற்கும்போது போட்டுவைக்க. கரையில் நிற்கிற நாள்களில்தான் வெயில் ஒரே இடத்தில் விழுகிறது.

தடைக்காலம் முடிந்து, கடலிலேயே தங்கி மீன்பிடிக்கிற முதல் தங்கல் போய் வந்த அன்றைக்கு மீன் இறக்குகிற சத்தத்துக்கு நடுவே மாமா என்னைக் கூப்பிட்டார். பாராட்டப்போகிறார் என்று போனேன். ஜி.பி.எஸ்ஸை நீட்டி, "ராத்திரி இது கண்ணைக் குத்துது தம்பி, எதிர்ல எந்த போட்டு வருதுன்னே தெரியல. லைட்டை எதுல குறைக்கிறது?" என்றார். மங்கல் மூடி வழியாகப் படிக்க மூன்று வருடமாக வெளிச்சத்தை முழுசாகக் கூட்டி வைத்திருந்தவர் அவர்தான். மெனுவைத் திறந்து பாதிக்கும் கீழே இறக்கிக் கொடுத்தேன். வீல்ஹவுஸில் அவர் பக்கத்தில் டம்ளர் இருந்தது, அடியில் கொஞ்சம் தண்ணீர்.